பவானி ஆத்தோரம் ஒரு வீக்எண்டு... பரிசல், பூச்சமரத்தூர், அப்புறம் தண்ணி திறக்கிற நேரம்!

'கோவா போலாமா மச்சி'னு வாட்ஸ்அப் க்ரூப்பில் ஆரம்பிக்கிற பிளான், கடைசியில் ரெண்டு நாள் லீவு, ஒரு கார், பக்கத்துல இருக்கிற ஆறுன்னு வந்து நிற்கும். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து கேங்குக்கு அந்த ஆறு பெரும்பாலும் பவானிதான். நீலகிரியில் பிறந்து, கேரளாவின் அட்டப்பாடிக்குள் போய், மறுபடி தமிழ்நாட்டுக்கே திரும்பி, மேட்டுப்பாளையம் வழியா ஓடி, பவானி கூடுதுறையில் காவிரியோடு சேருகிற 217 கி.மீ ஆறு இது.

தங்குற இடம்னு எடுத்துக்கிட்டா முதல் சாய்ஸ் பூச்சமரத்தூர். பில்லூர் அணைப் பகுதியில், காட்டுக்குள், ஆற்றைப் பார்த்த மாதிரி வனத்துறை கட்டியிருக்கும் மர வீடுகள். டிவி, ரூம் சர்வீஸ் எல்லாம் எதிர்பார்க்காதீங்க. போன் சிக்னலையும் நம்ப வேண்டாம். ராத்திரி முழுக்க ஆற்றுச் சத்தம் மட்டும்தான். அதுக்குத்தானே போறோம்! காரமடையில் இருந்து வெள்ளியங்காடு வழியா மலைப்பாதையில் போகணும். வனத்துறையின் கோவை சூழல் சுற்றுலா இணையதளத்தில் முன்கூட்டியே புக் பண்ணினால்தான் அனுமதி. கனமழை, காட்டுத்தீ காலங்களில் திடீர்னு மூடிவிடுவார்கள் என்பதால் கிளம்புற முன்னாடி ஒருமுறை கேட்டுக்கோங்க.

தங்க இடம் கிடைக்கலைன்னா ஒரு நாள் டிரிப்பா பரளிக்காடு போகலாம். சனி, ஞாயிறுகளில் பில்லூர் நீர்த்தேக்கத்தில் பரிசல் சவாரி. பரிசல் ஓட்டுவதும் சமைப்பதும் அங்குள்ள பழங்குடி மக்கள். மதியச் சாப்பாட்டில் பிரியாணி இருந்தாலும் நம்ம ஓட்டு ராகிக் களிக்கும் கீரைக்கும்தான். லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிட்டு செல்ஃபி எடுக்கணும்னு மட்டும் பரிசல்காரர்கிட்ட அடம்பிடிக்காதீங்க.

இது ரெண்டும் இல்லாம நெல்லித்துறை, தேக்கம்பட்டி, சிறுமுகை பக்கம் ஆற்றையொட்டி வாடகைக்குக் கிடைக்கும் தோட்டத்து வீடுகளும் உண்டு. வனத்துறை இடத்தில் மதுவுக்கும் பிளாஸ்டிக்குக்கும் தடை. எங்கே குளிக்கலாம்னு சொல்ல ஆளும் இருப்பாங்க. தோட்டத்து வீட்டில் அப்படி யாரும் இல்லை. பின்கதவைத் திறந்தா ஆறு, அவ்வளவுதான். பிரச்னை தொடங்குறதும் அங்கேதான்.

ஆறு ஏன் திடீர்னு ஏறுது?

கோடை லீவு வந்தாலே மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் மூழ்கி இறந்தவர்கள் பற்றிய செய்தியும் வந்துவிடும். பல நேரம் 20 வயசுப் பசங்க, நண்பர்களோடு வந்தவர்கள். 'நீச்சல் தெரியாது' என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி பில்லூரில் இருக்கிறது. குந்தா நீர்மின் திட்டத்தின் ஓர் அங்கம் இந்த அணை. இங்கே மின் உற்பத்தி தொடங்கினால் டர்பைன் வழியா வினாடிக்கு ஆயிரக்கணக்கான கனஅடி தண்ணீர் ஆற்றுக்குள் வரும். உற்பத்தி நின்றால் ஆறு மறுபடி கணுக்காலளவுக்கு இறங்கிவிடும். மின்தேவைக்கு ஏற்ப இது மாறுவதால், காலையில் நீங்க உட்கார்ந்து காபி குடிச்ச பாறை சாயங்காலம் தண்ணிக்குள்ள போயிருக்கலாம்.

மழைக்காலக் கணக்கு வேற. 100 அடி கொள்ளளவு உயரம் உள்ள அணையில் நீர்மட்டம் 97 அடியைத் தொட்டால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். மேலே நீலகிரியில் மழை கொட்டும்போது கீழே மேட்டுப்பாளையத்தில் வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும். அதனால, 'இங்க மழையே இல்லையே ப்ரோ' லாஜிக் பவானியில் செல்லாது.

ஆத்துக்குள்ள இறங்கும் முன் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமோ, துணி துவைக்கும் அக்காக்களிடமோ 'இன்னைக்கு தண்ணி விடுவாங்களா, எந்த இடத்துல பள்ளம் இருக்கு?'ன்னு கேளுங்க. அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான். ஆற்றின் நடுவில் இருக்கிற பாறைத் திட்டுக்குப் போய் உட்காருவது ரொம்ப ரிஸ்க். தண்ணி ஏறினால் முதலில் துண்டிக்கப்படுவது அதுதான். தெளிவா ஓடின தண்ணி கலங்குதா, இலை, குச்சி மிதந்து வருதா, சத்தம் கூடுதா? செருப்பு, போனைத் தேடாம கரையேறுங்க. பாசி படிந்த பாறையில் குதிக்கவே கூடாது. குடிச்சிருந்தா ஆத்துப் பக்கமே போகாதீங்க. கேங்குல குடிக்காத ஒருத்தர் கரையில் இருப்பது கட்டாயம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. மூழ்குறவங்க சினிமாவில் காட்டுற மாதிரி கத்துறது அபூர்வம். மூச்சுக்கே திணறும்போது குரல் வராது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணி மட்டத்தில் இருந்தால், அவர் விளையாடவில்லை. உடனே பின்னாடியே குதிச்சிடாதீங்க. ஒருத்தரைக் காப்பாத்தப் போய் ரெண்டு மூணு பேர் போன கதை இந்த ஆற்றில் நிறைய. கயிறு, முடிச்சுப் போட்ட துப்பட்டா, மூடிய காலி கேன், எது கையில் இருக்கோ அதைக் கரையிலிருந்து வீசுங்க. வெளியே எடுத்த பிறகு வயிற்றை அமுக்கித் தண்ணி எடுக்க நேரம் கடத்த வேண்டாம். மூச்சு இல்லைன்னா உடனே சிபிஆர்: மார்பின் நடுவில் 30 அழுத்தம், வாயோடு வாய் வைத்து 2 மூச்சு, மறுபடி இதே சுற்று. இன்னொருத்தர் 108-க்கு அடிக்கட்டும். சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கும்னு வந்த உடனே பார்த்து வெச்சுக்கிறது இதுக்காகத்தான்.

கூட்டிப் போக நல்ல சீசன் டிசம்பர், ஜனவரி. குளிர் இதமா இருக்கும், மழைத் தொல்லையும் குறைவு. ஸ்வெட்டர், டார்ச், பவர் பேங்க், தடிமனான 20 மீட்டர் கயிறு ஒன்று பையில் இருக்கட்டும். திரும்பும்போது முள்ளி, கெத்தை வழியா மஞ்சூர் ஏறி ஊட்டிக்குப் போகலாம். 43 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அது. யானை நடமாட்டம் அதிகம், செக்போஸ்ட்டில் நேரக் கட்டுப்பாடும் உண்டு. மதியச் சாப்பாடு முடிஞ்சதும் வண்டியை எடுத்துடுங்க.