500 காலனும் 40 காலனும்

32 ஆண்டுகள் மத்திய கலால் துறையில் வேலை பார்த்தவன் நான். மதுவைத் தொட்டதில்லை. மகனைப் பார்க்க கிளாஸ்கோ போயிருந்தபோது, "அப்பா, ஒரு விஸ்கிப் பண்ணைக்குப் போகலாமா?" என்று கேட்டான். தயங்கித்தான் கிளம்பினேன். போனது நல்லதாயிற்று.

கென்னக்ரெய்க் துறையிலிருந்து சுமார் இரண்டு மணி நேரக் கப்பல் பயணத்தில் ஐலா தீவு. அதன் மேற்குக் கரையில் கில்கோமன். ஆன்டனி வில்ஸ் என்பவரின் குடும்பம் 2005-இல் ராக்சைட் பண்ணையில் தொடங்கிய வடிப்பாலை இது. 124 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தீவில் புதிதாக எழுந்தது. 2015-இல் பண்ணையையும் அவர்களே வாங்கிவிட்டார்கள்.

சுற்றிலும் பார்லி வயல். அறுத்த பார்லியை ஊறவைத்து, தரையில் பரப்பி, நம் ஊர்க் களத்தில் நெல்லைக் கிளறுவதுபோல் புரட்டி முளைகட்ட விடுகிறார்கள். பிறகு பீட் என்னும் சதுப்பு நிலக் கரியின் புகையில் உலர்த்துகிறார்கள். அரைத்து, வெந்நீரில் கரைத்து, புளிக்கவைத்து, செப்புக் கலன்களில் இரண்டு முறை வடிக்கிறார்கள். மிஞ்சும் சக்கை மாடுகளுக்கு. வடித்தது ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு இருந்தால்தான் சட்டப்படி அது விஸ்கி.

இது புதிய யோசனை அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் மலைநாட்டு விவசாயிகள் பலர் அறுவடை முடிந்ததும் மிஞ்சிய பார்லியை வடித்தார்கள். அதை விற்றுத்தான் நிலக் குத்தகை கட்டினார்கள். சக்கை, குளிர்காலத்தில் மாட்டுத் தீவனம்.

இதைக் குலைத்தது எங்கள் தொழில்தான்! 1814-இல் வந்த சட்டம், மலைநாட்டில் 500 காலனுக்குக் குறைந்த கலனுக்கு உரிமம் இல்லை என்றது. அவ்வளவு பெரிய கலனுக்கு ஒரு சிறு விவசாயி பார்லிக்கு எங்கே போவான்? கள்ளத்தனமாக வடித்தான். 1816-இல் அளவை 40 காலனாக இறக்கினார்கள். 1823-இல் வரியைப் பாதிக்கும் கீழாகக் குறைத்து, ஆண்டுக்கு 10 பவுன் உரிமக் கட்டணம் வைத்தார்கள். இரண்டே ஆண்டில் உரிமம் பெற்ற வடிப்பாலைகள் இரண்டு மடங்குக்கு மேல் பெருகின. ஆனால் காலப்போக்கில் பெரிய முதலாளிகள் நிலைத்தார்கள். பண்ணைக் கலன்கள் மறைந்தன.

வடிப்பறையில் பித்தளைச் சட்டமிட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி. வடியும் சாராயம் அதன் வழியாகத்தான் ஓடும். முன்பெல்லாம் ஸ்காட்லாந்தின் வடிப்பாலைகளில் அந்தப் பெட்டியின் சாவி கலால் அதிகாரியிடம் இருக்கும். அந்தப் பூட்டின் முன் வெகுநேரம் நின்றேன்.

கோவில்பட்டிப் பக்கம், வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி செய்தவர்களிடம் கணக்குப் புத்தகம் கேட்டு நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. விதியில் இருந்த எண்ணை மட்டுமே நான் பார்த்தேன். அந்த எண் யாருடைய அடுப்பை அணைக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"ஒரு வாய் ருசி பார்க்கிறீர்களா அப்பா?" என்றான் மகன். வேண்டாம் என்றேன். வெளியே வந்து, சக்கை தின்னும் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.