செஞ்சந்தனமும் அதன் நிலமும்

நவராத்திரிக் கொலுவில் நிற்கும் மரப்பாச்சிப் பொம்மைகளை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. பிழைப்பை நாடித் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் பலர், அவற்றையும் பெட்டியில் வைத்து உடன்கொண்டு சென்றனர். அப்பொம்மைகளுள் பல செஞ்சந்தன மரத்தில் செதுக்கப்பட்டவை. பெயரில் சந்தனம் இருப்பினும், இம்மரம் சந்தனத்தின் இனமன்று; வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது. செம்மரம் என்றும் இதனை வழங்குவர்.

உலகில் இம்மரம் தானாக வளரும் நிலம் மிகச் சிறியது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா ஆகிய குன்றுகளும் அவற்றை அடுத்த காடுகளுமே அதன் தாயகம். 1953இல் ஆந்திர மாநிலம் அமையும் வரை இப்பகுதி சென்னையின் ஆட்சியில் இருந்தது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 150 முதல் 900 மீட்டர் வரையுள்ள சரிவுகளில் இது செழிக்கிறது.

செழிக்கிறது என்றதும் வளமான மண் என்று எண்ணிவிடலாகாது. அங்குள்ளது பளிங்குக்கல்லும் களிப்பாறையும் உடைந்து உண்டான, ஆழமற்ற சரளை மண். பெய்த மழை விரைந்து வடிந்துவிடும். மக்கிய உரமும் குறைவு. நீர் தேங்கும் நிலத்தையோ இம்மரம் பொறுப்பதில்லை. முளைத்த கன்று கோடையில் நுனி கருகி மடிகிறது. ஆயினும் மண்ணுக்குள் வேர் உயிரோடிருந்து, அடுத்த மழையில் மீண்டும் தளிர்க்கிறது. இவ்வாறு சில ஆண்டுகள் கழிந்து, வேர் பருத்து, பாறை இடுக்குகளில் ஈரத்தைக் கண்டடைந்த பின்னரே தண்டு நிலைத்து உயர்கிறது. அவரைக் குடும்பத்து மரமாதலால், வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை அதற்கு உணவாக்கித் தருகின்றன. ஏழை மண்ணில் அது வாழும் வகை இதுவே.

இம்மரத்தின் மதிப்பெல்லாம், நீரில் மூழ்குமளவு கனத்த செந்நிற வைரத்தில் அடங்கியுள்ளது. வளமான மண்ணில் நீர் பாய்ச்சி வளர்த்தால் மரம் விரைவில் உயரும். ஆனால் வைரம் அவ்வேகத்தில் பாய்வதில்லை என்பது வனத்துறையினர் நெடுங்காலமாகக் கண்ட அனுபவம். வறண்ட மலையின் மெல்லிய வளர்ச்சியே நல்ல வைரத்தைத் தருகிறது. அதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

வணிகம் அத்தனை காலம் காத்திருக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் கோட்டை கட்டி அமர்ந்த டச்சு வணிகர் உள்ளிட்டோர், சோழமண்டலக் கரையிலிருந்து இம்மரத்தைச் சாயத்துக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1856இல் பெர்கின் செயற்கைச் சாயம் கண்டபின் அத்தேவை படிப்படியாகத் தளர்ந்தது. மரம் பிழைத்தது என்று எண்ணுதற்கில்லை. சீனத்தில் உயர்குடியினரின் இருக்கைகளுக்கும் ஜப்பானில் சாமிசென் என்னும் நரம்பிசைக் கருவிக்கும் செம்மரம் பெரிதும் விரும்பப்பட்டது. இவ்விருப்பம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகவே, களவு வெட்டும் பெருகியது. காட்டில் உயிர்களும் பலியாயின.

1995இல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் செம்மரம் சேர்க்கப்பட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் அதன் நிலையைச் சற்றே தளர்த்திக் குறித்ததெனினும், 2021இல் அழியும் ஆபத்திலுள்ள மரம் என்றே மீண்டும் வகைப்படுத்தியது.

உழவர் நிலத்தில் செம்மரம் நடுவது காட்டின் சுமையைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆயினும் நட்ட தோப்பு மலைக்காட்டுக்கு ஈடாகாது. காட்டுத்தீயும் மேய்ச்சலும் தீண்டாமல் இளங்கன்றின் வேருக்குச் சில ஆண்டுகள் அமைதி கிடைத்தால், அந்தச் சரளை மண்ணே மரத்தை மீட்டுத் தரும். ஒரு பொழுதில் கோடரி வீழ்த்துவதை அம்மண் வளர்த்தெடுக்க ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. இக்கணக்கை மறந்ததே செஞ்சந்தனத்தின் வரலாறு. அதனை நினைவிற்கொள்வதே அதன் எதிர்காலம்.