கண்ணைப் பறித்த எண்ணெய் மாவுக்குள் வந்த கதை

அரைத்த சூட்டோடு எடுத்த கோதுமை மாவு தூய வெள்ளையாக இருக்காது. லேசான மஞ்சள் ஓடும். ரொட்டிக்குப் பிசைந்தால் இழுவை நிற்காது, உப்பி எழாது. அதே மாவு ஓரிரு மாதம் மூட்டையில் கிடந்தால் போதும்; காற்றிலுள்ள ஆக்சிஜன் மஞ்சளை வெளுத்து, குளூட்டன் என்ற பசைப் புரதத்தையும் இறுக்கிவிடும். காலம் காசு வாங்காமல் செய்யும் வேலை அது. ஆலைக்காரருக்கோ மூட்டை முடங்கும் ஒவ்வொரு நாளும் வாடகை, வட்டி, வண்டு. அந்த மாதங்களை நிமிடங்களாகச் சுருக்க வந்ததுதான் 'ஏஜீன்'.

அதன் வேதிப்பெயர் நைட்ரஜன் டிரைகுளோரைடு. பிறந்தது பிரான்சில், 1811 வாக்கில். கண்டுபிடித்த பியர் லூயி துலோங், அது வெடித்து ஒரு கண்ணையும் விரல்களையும் இழந்தார். தொட்டாலே வெடிக்கும் மஞ்சள் எண்ணெய் அது. 1812-இல் இங்கிலாந்தின் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவிக்கும் அதனால் கண்ணில் காயம்.

இதையா மாவில் கலப்பது? குடிநீருக்குக் குளோரின் செலுத்தும் கருவிகள் செய்துவந்த அமெரிக்காவின் வாலஸ் அண்ட் டியர்னன் நிறுவனம் துணிந்தது. 1920-களில், நிறைய காற்றோடு சேர்த்த மெல்லிய வாயுவாக்கி மாவினூடே விட்டார்கள். வெடிக்கும் பயம் போயிற்று, மாவும் உடனே வெளுத்தது. தின்கிற உயிருக்கு என்ன ஆகும் என்ற கேள்விதான் கால் நூற்றாண்டு காத்துக் கிடந்தது.

பதில் நாய்களிடமிருந்து வந்தது. நன்றாக இருந்த நாய் திடீரென மிரளும். குரைத்துக்கொண்டே தலைதெறிக்க ஓடும், சுவரில் மோதும், வலிப்பு வந்து விழும். ஏன் என்று பல வருடம் பிடிபடவில்லை. 1946-இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வாளர் எட்வர்ட் மெல்லன்பி, ஏஜீன் பட்ட மாவைத் தின்ற நாய்களுக்கே இது வருகிறது, படாத மாவைத் தின்றவை நலமாக இருக்கின்றன என்று காட்டினார். மாவுப் புரதத்திலுள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை ஏஜீன் நரம்பைத் தாக்கும் நஞ்சாக மாற்றுவது பிறகு தெரிந்தது. மனிதருக்குத் தீங்கு நேர்ந்ததாக நிரூபணம் இல்லை. ஆனாலும் அமெரிக்கா 1949-இல் அதை நிறுத்தியது. பிரிட்டனில் 1950-களின் நடுப்பகுதி வரை இழுத்தது.

அந்த நாய்கள் சொன்ன பாடத்தை நாம் முழுதாகக் கேட்கவில்லை என்பதே என் வருத்தம். 1910-களிலிருந்தே மாவை இறுக்க ரொட்டிமாவில் சேர்ந்துவந்த பொட்டாசியம் புரோமேட், எலிகளுக்குச் சிறுநீரகக் கட்டி உண்டாக்குவதை 1982-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். வேகும்போது அது தீங்கற்ற புரோமைடாக மாறிவிடும் என்றார்கள் அதை ஆதரித்தவர்கள். முழுதும் மாறாமல் எச்சம் தங்குவதும் உண்டு. பிரிட்டன் 1990-இல் புரோமேட்டைத் தடைசெய்தது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2016 மே மாதம் 38 ரொட்டி, பன் வகைகளைச் சோதித்தபோது 84 சதவீதத்தில் புரோமேட்டோ, அதைப் போன்ற இன்னொரு மாவுச் சேர்க்கையான அயோடேட்டோ இருந்தது. அடுத்த மாதமே இந்தியா புரோமேட்டுக்கு அனுமதியை விலக்கியது.

சேர்க்கை எல்லாமே விஷமில்லை. மாவை இறுக்க வைட்டமின் சி-யே போதும். ரொட்டி வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். 300 என்ற எண் வைட்டமின் சி. 924 என்று கண்டால் அது புரோமேட். வாங்காதீர்கள், கடைக்காரரிடமும் சொல்லுங்கள்.