தகானா கிராமமும் புதுச்சேரி நீலத்துணியும்

வெளிநாட்டுத் திருச்சபை ஒண்ணு ஆப்பிரிக்காவுல ஒரு கிராமத்தோட கைகோத்து வேலை செய்யுதுன்னு அடிக்கடி கேள்விப்படறோம். அந்த மாதிரி உறவுல யார் சொல்றது நடக்கும்? இன்னைக்கு இதைத்தான் பேசப் போறோம். ஆரம்பிக்கற இடம், நம்ம புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதி.

அந்த வீதியில க்ளூனி எம்ப்ராய்டரி சென்டர் இருக்கு. 18-ம் நூற்றாண்டு வீடு. உள்ளே பெண்கள் உட்கார்ந்து மேசை விரிப்புல பூவேலை செஞ்சிட்டிருப்பாங்க. நடத்துறவங்க புனித சூசையப்பர் க்ளூனி சபைக் கன்னியாஸ்திரிகள். அவங்க 1827-ல் புதுச்சேரிக்கு வந்தாங்க. ஆனா அதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே, 1819-ல், மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போயிட்டாங்க.

இந்தச் சபையை 1807-ல் தொடங்கியவர் ஆன்-மரி ஜாவுவே. பிரான்ஸில் பர்கண்டிப் பகுதியின் விவசாயக் குடும்பத்துப் பெண். 1822-ல் அவரே கப்பலேறி செனகல் போனார். செனகல் நதிக்கரையில் தகானா என்ற ஊரில் ஒரு பண்ணை போட்டார்.

ஏன் பண்ணை? அடிமை வியாபாரத்தை பிரான்ஸ் சட்டப்படி நிறுத்தியிருந்த நேரம் அது. ஆட்களைக் கப்பலில் ஏற்றி கரீபியன் தோட்டங்களுக்குக் கொண்டு போறதுக்குப் பதிலா, ஆப்பிரிக்காவிலேயே பருத்தியும் அவுரியும் பயிர் செய்யலாம்னு அரசு திட்டம் போட்டது. 1819-ல் அந்த நதியோரத்து வாலோ நாட்டுத் தலைவர்களோட ஒப்பந்தமும் ஆச்சு. ஜாவுவேயின் பண்ணை இந்தப் பெரிய திட்டத்துக்குள்ள ஒரு சின்னத் துண்டு.

அவர் நல்ல மனசோடதான் போனார். அதுல எனக்கு சந்தேகமில்லை. ஆனா திட்டம் போட்டது பாரிஸும் ஆளுநர் மாளிகையும். வாலோ மக்களுக்கு ஏற்கெனவே ஒரு விவசாயம் இருந்தது: நதியில் வெள்ளம் வடிஞ்ச ஈர நிலத்தில் சோளம் விதைப்பாங்க. நிலத்தை வித்துட்டதா அவங்க நினைக்கலை. வருஷா வருஷம் கொடுக்கிற மரியாதைப் பணத்துக்குப் பதிலா, பயன்படுத்திக்க அனுமதி கொடுத்ததாத்தான் நினைச்சாங்க. மண்ணும் ஒத்துழைக்கலை, பக்கத்து ராஜ்யத்தோட சண்டையும் வந்தது. 1830-களின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு அரசு தோட்டத் திட்டத்தைக் கைவிட்டது. ஜாவுவே அதுக்கு முன்னாடியே, 1824-ல், பிரான்ஸ் திரும்பியிருந்தார்.

இப்போ கதையின் இன்னொரு பக்கம். அதே நதிக்கரையில் வேறொரு வியாபாரம் அமோகமா நடந்தது. பாலைவனத்து மூர் மக்கள் கருவேல வகை மரத்தின் பிசினைக் கொண்டு வருவாங்க. ஐரோப்பாவில் துணியில் அச்சடிக்க அந்தப் பிசின் தேவை. அதுக்கு விலையா அவங்க கேட்டது என்ன தெரியுமா? புதுச்சேரி நீலத்துணி!

'கினே'ன்னு அதுக்குப் பேர். நம்ம பக்கத்துக் கிராமங்கள்ல நெய்து, அவுரியில் தோய்ச்ச கருநீலத் துணி. செனகல் நதியில் அது காசு மாதிரியே புழங்கியது. எதுக்கு விலை சொன்னாலும் 'இத்தனை பீஸ் கினே'ன்னு சொல்வாங்க. பிரான்ஸின் ரூவான் நகரத்து ஆலைகள் இதே மாதிரி துணி செஞ்சு அனுப்பிப் பார்த்தன. வாங்குறவங்க தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, 'இது அது இல்லை'ன்னு ஒதுக்கிட்டாங்க.

1820-களின் கடைசியில் புதுச்சேரியில் முதல் நூற்பாலை வந்ததுக்கும் இந்தச் சந்தை ஒரு முக்கியக் காரணம். பின்னாளில் சவானா மில், சுதேசி மில்னு நாம அறிஞ்ச ஆலையோட வேர் அதுதான்.

இதை ரொம்ப இனிமையான உறவுன்னு நினைச்சுடாதீங்க. 18-ம் நூற்றாண்டில் இந்தியத் துணியைக் கொடுத்து ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கியிருக்காங்க. இங்கே தறியில் உட்கார்ந்திருந்தவருக்கு, தன் துணி எங்கே போகுது, என்ன விலைக்கு மாறுதுன்னு தெரிய வழியே இல்லை.

ஆனாலும் இந்த ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பண்ணை விஷயத்தில் அந்த ஊர் மக்கள்கிட்ட யாரும் கேட்கலை. துணி விஷயத்தில் அவங்க 'வேண்டாம்'னு சொன்னா பிரெஞ்சு வியாபாரி பேசாம கேட்டுத்தான் ஆகணும். பண்ணை நிலைக்கலை, துணி பல பத்தாண்டுகள் ஓடியது.

ஜாவுவே செஞ்சதில் நிலைச்சது வேற. செனகல் பிள்ளைகளை பிரான்ஸுக்கு அழைச்சுப் போய்ப் படிக்க வெச்சார். அவங்களில் மூணு பேர் 1840-ல் குருப்பட்டம் பெற்றாங்க. ஒருத்தர் தாவித் புவாலா. 1853-ல் செனகல் மக்களைப் பற்றி, தானே வரைஞ்ச படங்களோட ஒரு புத்தகம் போட்டார். பிறகு வொலோஃப் மொழிக்கு இலக்கணமும் எழுதினார். மத்தவங்க எழுதிட்டிருந்த ஊரைப் பற்றி, அந்த ஊர்க்காரரே எழுத ஆரம்பிச்சார்.

இன்னைக்கு நம்மில் நிறைய பேர் கம்பெனி வழியா, கல்லூரி வழியா, கோயிலோ சர்ச்சோ மசூதியோ வழியா ஏதோ ஒரு கிராமத்துக்கு உதவப் போறோம். நல்ல விஷயம்தான். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கலாம்: இந்த ஊர்க்காரங்க 'இது எங்களுக்கு வேண்டாம்'னு சொன்னா, நம்ம திட்டம் மாறுமா? மாறும்னா அது கூட்டு முயற்சி. மாறாதுன்னா, அது நம்ம திட்டம் மட்டும்தான்.