நிரல் களஞ்சியங்களின் வாசல் விதிகள்: ஒரு குறிப்பு

ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கத்துத் தோல் ஷாப்புகளில் புழங்கும் சொற்களை நாலைந்து வருஷமாக நோட்டில் குறித்து வைத்திருந்தேன். ஆவாரம்பட்டை, கடுக்காய் காலத்துச் சொற்கள் பாதி. குரோம் வந்த பிறகு சேர்ந்தவை மீதி. போன மாசம் அதைத் தட்டச்சு செய்து ஒரு தரவுக் கோப்பாக்கினேன். சொற்பிழை திருத்தி எழுதுகிறவர்கள் யாருக்காவது பயன்படட்டுமே என்றுதான். பெரிய கம்பெனியின் தளத்தில் வேண்டாம், லாபநோக்கமில்லாத கோட்பெர்க்கில் போடலாம் என்று முடிவு செய்து, ஏற்றும் முன் அதன் விதிகளைப் படிக்க உட்கார்ந்தேன்.

அதன் விதிகளை உரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கேள்விகள்தான் முக்கியம். இதை மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த, மாற்ற, பகிர என்ன உரிமம் கொடுத்திருக்கிறாய்? இதனால் யாருக்காவது கேடு வருமா? இவை இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை இல்லை. முதல் கேள்விக்குக் கால் நூற்றாண்டு வயசு. இரண்டாவது அந்த அளவு அழுத்தத்தோடு கேட்கப்படுவது சமீபமாகத்தான். ஏன் இந்த இடைவெளி என்று தேடியதில் கிடைத்தவை இவை.

மென்பொருளின் மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி வைத்து, பலர் சேர்ந்து திருத்த இடம் கொடுப்பவை நிரல் களஞ்சியத் தளங்கள். இன்று கிட்ஹப் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் சோர்ஸ்ஃபோர்ஜ் இருந்தது. 1999 நவம்பரில் விஏ லினக்ஸ் என்ற கம்பெனி தொடங்கியது. சும்மா கிடைத்த இடம் என்பதால் உலகமே போய்க் குவிந்தது. ஆனால் அந்தத் தளத்தை இயக்கிய நிரலையே 2001-இல் கம்பெனி மூடிய உரிமத்துக்குள் கொண்டுபோனது. கட்டற்ற மென்பொருளுக்கு வீடு கொடுத்தவன் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட கதை. பழைய திறந்த நிரலை எடுத்துத் தனியாக வளர்த்தவர்கள்தான் ஜிஃபோர்ஜ், சவன்னா போன்றவற்றைச் செய்தார்கள்.

சவன்னா, ரிச்சர்ட் ஸ்டால்மேனின் குனூ திட்டத்துக்கான தளம். அங்கே இடம் கேட்டால் உடனே கிடைக்காது. தன்னார்வலர் ஒருவர் உங்கள் கோப்புகளைத் திறந்து பார்ப்பார். பதிப்புரிமை, உரிமக் குறிப்புகள் கோப்புகளில் சரியாக இருக்கின்றனவா, கட்டற்றதல்லாத மென்பொருள் எதையாவது நம்பி ஓடுகிறதா என்று கேட்பார். பத்திரப் பதிவில் வில்லங்கம் பார்ப்பது போல. எரிச்சலாக இருக்கும். ஆனால் அப்படி வில்லங்கம் பார்த்து உள்ளே விட்டதை எடுத்துப் பயன்படுத்துகிறவனுக்குப் பிற்பாடு வழக்குப் பயம் குறைவு.

இந்தியாவிலும் ஒன்று இருந்தது. பெயர் சரோவர். திருவனந்தபுரத்திலிருந்து, ஜிஃபோர்ஜ் நிரலை வைத்து நடத்தினார்கள். ரிவர் வேலி டெக்னாலஜீஸ் என்ற அச்சுக்கோர்ப்பு நிறுவனம் ஆதரவு கொடுத்தது. கட்டற்ற, திறமூல உரிமத்திலுள்ள திட்டங்களுக்கு இந்தியாவின் முதல் தளம் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. 2001-இல் ஸ்டால்மேன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பைத் தொடங்கி வைத்ததும் அதே ஊரில்தான். சரோவருடைய வாசலிலும் கேட்டது உரிமம்தான்.

சரோவர் என்றால் ஏரி. நான் காவேரிப்பாக்கத்துக்காரன் என்பதால் அந்தப் பெயரைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றுவிட்டேன். எங்கள் ஏரி பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வந்து நிரம்பி, கோடி போனால் ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். பொதுத் தண்ணீருக்கு விதி எழுதுவது இந்தப் பக்கத்துக்குப் புதுசில்லை. அந்தக் காலத்து ஏரி வாரிய விதிகள் விரிவாகக் கிடைப்பது உத்திரமேரூரில், 919, 921-ஆம் ஆண்டுப் பராந்தக சோழன் கல்வெட்டுகளில். யார் வாரியத்தில் உட்காரலாம், என்ன வயது, எவ்வளவு நிலம், கணக்குக் காட்டாதவனை எப்படி விலக்குவது என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். நிர்வாகம் பற்றி இவ்வளவு கறாராக இருந்தவர்கள், தண்ணீரில் எதைக் கலக்கக்கூடாது என்று அங்கே பட்டியல் போடவில்லை. அவர்கள் ஊரில் குரோம் இல்லை.

அந்தப் பட்டியல் நம் மாவட்டத்துக்கு எப்போது வந்தது? 1989 மார்ச்சில் ஒரு அரசாணை, நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு உண்டாக்கும் தொழிற்சாலை கூடாது என்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில், மாசுபடுத்தியவனே இழப்பைக் கட்டவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது; தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதாக ஒரு ஆய்வை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. கேடு கண்ணுக்குத் தெரிந்து, நிலம் உப்பாகி, கிணறு நிறம் மாறிய பிறகுதான் விதி வந்தது. நிரல் உலகத்திலும் அதே வரிசைதான்.

அங்கே தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கொள்கை சார்ந்தது. கட்டற்ற உரிமம் என்றால் எந்த வேலைக்கும், யாரும் பயன்படுத்தலாம். 1997-இன் டெபியன் வழிகாட்டுதல்களும், அவற்றை ஒட்டி 1998-இல் வந்த திறமூல வரையறையும், ஆளையோ குழுவையோ பயன்படும் துறையையோ பார்த்துப் பாகுபாடு கூடாது என்கின்றன. 2009-இல் நடந்த ஒரு கூத்து இதைப் புரியவைக்கும். டக்ளஸ் கிராக்ஃபோர்டு தன் உரிமத்தில், இதை நல்லதுக்குத்தான் பயன்படுத்தணும், தீயதுக்குக் கூடாது என்ற பொருளில் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த நிரலிலிருந்து பிறந்த ஒரு திட்டத்தைக் கூகுள் கோட் தளம் அந்த ஒரு வரிக்காகவே வெளியே அனுப்பியது. தீமை செய்யாதே என்று சொன்னதற்காக இடம் போச்சு! சிரிப்பாக இருந்தாலும் தர்க்கம் சரிதான். எது தீமை என்று யார் தீர்ப்பது? நிரலை எழுதியவனா?

ஆனால் இதிலிருந்து பலர் ஒரு தப்பான முடிவுக்குத் தாவினார்கள். உரிமத்தில் ஒழுக்கம் எழுதக்கூடாது, ஆகவே தளமும் உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசக்கூடாது என்று. உரிமம் உலகத்துக்குக் கொடுக்கும் வாக்கு. தளத்தின் விதி ஒரு வீட்டின் வாசல். இந்த வீட்டில் இடமில்லை என்றால் நிரல் அழிந்துவிடாது. நகலெடுத்து வேறு இடத்தில் வைக்கலாம்.

2021 ஜூலையில் இந்தியாவில் இந்தக் கேள்வி ஏட்டைவிட்டு வெளியே வந்தது. கிட்ஹப்பில் ஒரு செயலி. முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டு, 'ஏலம்' விடுவதாகக் காட்டியது. பத்திரிகையாளர்கள், மாணவிகள், பொதுவெளியில் பேசியவர்கள். எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, 2022 ஜனவரி 1 அன்று, வேறு பெயரில் அதே வக்கிரம், அதே தளத்தில். அப்புறம்தான் கைதுகள் நடந்தன. அந்த நிரலுக்கு என்ன உரிமம் போட்டிருந்தார்கள் என்று கேட்டால் கேள்வியே அபத்தம். சுத்தமான ஒரு கட்டற்ற உரிமம் போட்டிருந்தாலும் சவன்னா காலத்து வில்லங்கச் சோதனை இதைப் பிடித்திருக்காது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் எனக்குத் தெரிந்த வீடுகளில், கல்லூரி போகிற பெண்கள் அந்த வாரம் தங்கள் படங்களை இணையத்திலிருந்து எடுத்தார்கள். நிரல் என்பது வெறும் எழுத்து இல்லை, சில நேரம் அதுவே செயல் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

எதிர்த்திசையிலும் ஒரு உதாரணம் சொல்லணும், இல்லையென்றால் நியாயமாகாது. 2014 டிசம்பரில் பயங்கரவாதப் பிரச்சாரம் என்று 32 முகவரிகளை முடக்க மத்திய அரசு உத்தரவிட்டது. கிட்ஹப்பின் ஒரு பகுதியும் ஆர்க்கைவ் தளமும் அதில் அடக்கம். யாரோ ஒருவர் போட்ட பக்கத்துக்காகப் பலருக்கு வேலை நின்றது. ஒரு மதகில் அழுக்கு வந்தது என்று ஏரியையே மூடுவது இது. பெரிய கம்பெனிக்கு வக்கீல்கள் உண்டு, சில நாளில் திறந்துகொள்ளும். சந்தாவிலும் நன்கொடையிலும் ஓடும் சங்கம் என்ன செய்யும்?

அதனால்தான் கோட்பெர்க் போன்ற இடங்கள் கறாராக இருக்கின்றன. 2018 செப்டம்பரில் பெர்லினில் பதிவான சங்கம் அது. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டற்ற உரிமம் கட்டாயம், சொந்தப் படங்களைக் கொட்டி வைக்கும் கிடங்காக்கக்கூடாது, வெறுப்புக்கு இடமில்லை. இடம் குறைவு, பார்த்துக்கொள்ள ஆள் குறைவு என்பதும் இந்த விதிகளுக்குள் இருக்கிறது. வெறுப்பை விலக்கியதற்கு விலையும் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் சில திட்டங்களின் மீது வசைத் தாக்குதல் நடந்தது. தளத்தின் அறிவிப்பு வசதியையே பயன்படுத்தி, பயனர்கள் பலருக்கு வசை மின்னஞ்சல்கள் போயின. சங்கம் பின்வாங்கவில்லை.

சரி, என் சொற்பட்டியல். முதல் கேள்வியிலேயே சறுக்கினேன். 'இலவசமாகப் பயன்படுத்தலாம், விற்கக்கூடாது' என்று எழுதி வைத்திருந்தேன். தமிழ் எழுத்துரு, மின்னூல் வெளியிடும் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. யாரோ நம் உழைப்பை விற்றுவிடுவார்கள் என்ற பயம்தான். ஆனால் விற்பனையைத் தடுத்தால் அது கட்டற்ற உரிமம் ஆகாது. மதுரைத் திட்டம் 1998 முதல் தன் மின்னூல்களைத் தலைப்புப் பக்கத்தை மாற்றாமல் தாராளமாகப் பகிரச் சொல்வது நல்ல மனசு. அதுவும் இந்த வாசலில் உரிமம் என்று எடுபடாது. அந்த வரியை அடித்துவிட்டு, பெயர் சொன்னால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறினேன்.

இரண்டாவது கேள்வி அவ்வளவு சுலபமாக முடியவில்லை. தோல் உரிக்கிறவர்களை, பதனிடுகிறவர்களைச் சாதி சொல்லி ஏசும் சொற்கள் என் நோட்டில் பதினேழு இருக்கின்றன. ஷாப்பில் புழங்கியவை, வரலாற்றுக்குத் தேவையானவை. ஆனால் என் பட்டியலை ஒரு சொல்திருத்தி எடுத்துக்கொண்டால், பிள்ளை ஏதோ தட்டச்சு செய்யும்போது அது அந்தச் சொல்லைப் பரிந்துரைக்கும். அகராதியில் இருக்கலாம், பரிந்துரையில் வரக்கூடாது. பழைய ஷாப்பு மேஸ்திரி ஒருவரிடம் கேட்டேன். "எழுதி வைப்பா, நாங்க வாங்கின பேச்சு தெரியட்டும். ஆனா மெஷினுக்குச் சொல்லிக் குடுக்காத" என்றார்.

பதினேழையும் தனிக் கோப்பில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் எச்சரிக்கையும் எழுதி, இதுவரை பத்து முடித்திருக்கிறேன். மற்ற கோப்பு ஏறிவிட்டது.