ஆலோசனை முன்மொழிவில் குழுவின் தகுதி

ஆலோசனைப் பணிக்கான முன்மொழிவின் தொழில்நுட்ப உறையில், வேலையைச் செய்யப்போகிறவர்கள் யார் என்று காட்டும் பகுதி. உலக வங்கியின் மாதிரி ஆவணம் 100 மதிப்பெண்ணில் 30 முதல் 60 வரை முக்கிய வல்லுநர்களுக்கு ஒதுக்குகிறது. நிறுவனத்தின் அனுபவத்துக்கு அதிகபட்சம் 10. நிறுவனத்தின் பெயரைவிடக் களத்தில் இறங்கும் ஆள் முக்கியம் என்ற இந்தக் கணக்கு நியாயமானது.

வடசென்னையில் இதை நேரில் உணரலாம். ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர் கடனில் நடக்கும் சென்னை–கொசஸ்தலையாறு படுகை வெள்ள மேலாண்மைத் திட்டத்துக்குள் திருவொற்றியூரும் மணலியும் வருகின்றன. எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து ஆற்றின் வாய் அடைபடும். கடல் ஏறும் நேரத்தில் மழைநீர் வடியாது. எனவே இங்கே வேலை செய்யப்போகும் வல்லுநரின் தன்விவரத்தில் ‘நீரியலில் 20 ஆண்டு அனுபவம்’ என்ற வரி மட்டும் போதாது. எந்த முகத்துவாரம், எந்த மாதம் முதல் எதுவரை, அந்த ஆய்வில் இவர் கையால் செய்தது எது என்று எழுதினால்தான் மதிப்பீட்டாளரால் எடைபோட முடியும்.

துறைமுகம், அனல்மின் நிலையம் போன்றவற்றின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ஆலோசனை நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நேபெட் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமே அவற்றைத் தயாரிக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளரும் துறைவாரி வல்லுநர்களும் பெயரோடு கையொப்பமிட வேண்டும். முன்மொழிவில் வைக்கும் தன்விவரத்திலும் வல்லுநரின் கையொப்பம் உண்டு. பணி கிடைத்தபின் அவரை மாற்ற நேர்ந்தால், அவருக்கு இணையான அல்லது மேலான தகுதியுள்ளவரை, பணி தந்தவரின் ஒப்புதலோடுதான் கொண்டுவரலாம்.