முதுகுன்றத்துக் கிழத்தியும் சராசரி மனிதனும்

விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். தலக்கதை ஒன்று: பசியோடு வந்த குரு நமசிவாயர் அம்மனைக் கிழத்தி என்று பாடிவிட்டார். 'கிழவி எப்படிப்பா சோறு சுமந்து வருவா?' என்றாளாம் அவள். இளையவளாக மாற்றிப் பாடினார்; குமரியாய்ச் சோற்றோடு வந்தாள். பக்தி கிடக்கட்டும். ஒரே ஆள் ஒரே நாளில் கிழவியாகவும் குமரியாகவும் இருக்கலாம் என்பதை இக்கதை ஒத்துக்கொள்கிறது. உளவியல் ஒத்துக்கொள்ள ரொம்பக் காலம் பிடித்தது.

1835இல் கெத்தலே 'சராசரி மனித'னை உருவாக்கினார். பின்வந்தவர்கள் இருபது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் ஒரே சமயத்தில் சோதித்து, மதிப்பெண் இடைவெளிக்கு 'மூப்பின் சரிவு' என்று பெயரிட்டார்கள். 1956இல் சியாட்டிலில் வார்னர் ஷாயி தொடங்கிய ஆய்வோ அதே ஆட்களை ஏழாண்டுக்கு ஒருமுறை திரும்பச் சோதித்தது. சரிவு எனப்பட்டதில் கணிசமான பங்கு வயதினுடையதல்ல, தலைமுறைகளுக்கு இடையிலான தூரம் என்று தெரியவந்தது. நம்மூரில் இதன் பொருள் என்ன? பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடாத சாதியும் வறுமையும், கிழவியின் மூளைக் குறைபாடாகப் பதிவாகும்.

ஏழாண்டு இடைவெளியும் போதாது என்றார் ஜான் நெசல்ரோட். ஒருவருக்குள்ளேயே நாளுக்கு நாள் நிகழும் ஊசலாட்டத்தையும் அளக்கச் சொன்னார். பீங்கான் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூளை 900 டிகிரி என்று ஒரே ஒரு தடவை பார்த்தால், ஏறுதா ஆறுதா என்று யார் சொல்ல முடியும்?

1975இல் அமெரிக்காவில் வந்த மனநிலைச் சோதனை, ஆங்கிலச் சொல்லொன்றைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொல்லும். எழுதப் படிக்காதவர்களுக்காக 1990களில் பல்லப்கரில் உருவான இந்தி வடிவம், கிழமைகளைப் பின்னிருந்து சொல்லக் கேட்டது. நியாயமான திருத்தம்தான், ஆனாலும் அது ஒருநாள் கணக்கு. 2017-18இல் 72,000க்கும் மேற்பட்டோரிடம் முதல் சுற்றை நடத்திய இந்திய முதுமை நெடுங்கால ஆய்வு, அதே ஆட்களிடம் திரும்பப் போகும் திட்டமுடையது. இது பெரிய விஷயம். ஆனால் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே வருடங்கள். காலையில் தெளிவாக இருந்தவர் சாயங்காலம் மகனையே யாரென்று கேட்பது அதில் விழாது.

அதைத் தினமும் பார்ப்பவள் மருமகள். 1998இல் கொச்சியில் உருவான 10/66 குழு, சென்னையிலும் வேலூரிலும் ஆய்வு செய்தபோது வீட்டாரின் பேச்சையும் அளவுகோலில் சேர்த்தது. 'அத்தை முன்ன மாதிரி இல்லீங்க' என்பதில் சராசரி மனிதன் இல்லை. அத்தையை அத்தையோடுதான் ஒப்பிடுகிறாள். கூலியில்லாமல் இத்தனை வருடம் கவனித்துச் சேர்த்த தரவு அது.